உப்பு வெச்சவன் ஜன்னலைப் பார்த்தான்

ஆராய்ச்சிக்குப் புதுசா வந்திருக்கிற உங்கள்ல யாராவது ஒருத்தர் கையில சீக்கிரமே ஒரு கவரைக் குடுப்பாங்க. குடுக்கும்போது சிரிச்சிகினே குடுப்பாங்க, ஏதோ மரியாதை பண்ற மாதிரி. அதை வாங்கறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கொஞ்சம் கேட்டுடுங்க. அப்பால வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம்.

கருவியைப் பத்தியோ கணக்கைப் பத்தியோ நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒண்ணும் இல்ல. நான் டிப்ளமோ படிச்சவன். டெக்னீஷியனா சேர்ந்து டெக்னீஷியனாவே ரிட்டயர் ஆனேன். என்னை யாராவது விஞ்ஞானின்னு சொன்னா எரிச்சலா வரும். ஆனா குழுவுல ரகசியம் காக்கிற வேலை எல்லாம் என் தலையிலதான் விழுந்திச்சி. இவன் வாயைத் தொறக்கமாட்டான்னு பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேர் சும்மா வரல.

தங்க வயல்ல மைன்ஸ் ஓடிகினு இருந்த காலம். ஆழத்துல ஒரு லெவல்ல, விண்வெளியில இருந்து வர்ற துகளைப் பிடிக்கிற கருவி வெச்சிருந்தாங்க. மேல இருக்கிற பாறை மத்த குப்பையை எல்லாம் தடுத்துடும், பாறையையும் தாண்டி வர்றதை ஒண்டி கருவி தாள்ல கோடா பதிவு பண்ணும். அந்தத் தாளை ரெண்டு பேர் தனித்தனியா பார்க்கணும். ஒருத்தர் இன்னா கண்டாருன்னு இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. தாளை எடுத்து நீட்டறது என் வேலை. ஒருநாள் ரொம்ப அபூர்வமா ஒரு கோடு விழுந்திருந்திச்சி. மொதல் ஆள் பார்த்து எழுதிட்டுப் போயிட்டாரு. ரெண்டாவது ஆள்கிட்ட அதே தாளை நீட்டினப்ப என்னால சும்மா இருக்க முடியல. வாயைத் தொறக்கல, புருவத்தை ஒண்டி தூக்கினேன். அவரும் ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்துட்டு, இருக்குதுன்னு எழுதினாரு.

அதை நானே சிரிச்சிகினே போய் எங்க ஷிப்ட் பொறுப்பாளர்கிட்ட சொன்னேன், பெரிய சாமர்த்தியம் மாதிரி. அவர் பேர் வேணாம், இப்ப அவர் உயிரோட இல்ல. அவர் என்னைத் திட்டல. அந்த மாசத்துத் தாளை எல்லாம் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் குறுக்கே கோடு கிழிச்சாரு. “ரெண்டு கண்ணு வெச்சிருந்தோம்பா. ஒண்ணைப் பிடுங்கிட்ட”ன்னாரு. கேஜ்ல, அதான் சுரங்கத்து லிப்ட்ல, மேல வரும்போது யாரும் என்கிட்ட பேசல. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே என் மூஞ்சியில இருந்து யாரும் எதையும் படிக்கக்கூடாதுன்னு. எவ்ளோ பெரிய முட்டாள்தனம்னு அப்பால சொல்றேன்.

சுரங்க வேலை முடிஞ்சப்பறம் பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல சேர்த்துகினாங்க. அங்க ஆறேழு வருஷம் நான் இருந்த ஒரு குழுவோட கதைதான் இது. எங்க தலைவரை எல்லாரும் சார்னுதான் கூப்பிடுவோம், அப்படியே இருக்கட்டும். அவர் கணக்கு இதான்: நம்ம பிரபஞ்சம் பொறந்தப்ப ஒத்தையா பொறக்கல. கூடவே இன்னொண்ணு பொறந்திச்சி. பிரியறதுக்கு முன்னாடி ரெண்டும் குவாண்டம் முறையில பிணைஞ்சிருந்திச்சி. அப்படிப் பிணைஞ்சிருந்தா, பொறந்த புதுசுல கிளம்பி இன்னிக்கும் வந்துகினு இருக்கிற ஆதி ஒளியில அதோட தடயம் இருக்கணும். தலையில சுழி இருக்கிற மாதிரி, வானத்துல ஒரு இடத்துல ஒளி லேசா சுழிச்சிகினு இருக்கணும். எந்த இடத்துல, எவ்ளோ பெருசு, எவ்ளோ அழுத்தம்னு எல்லாம் சார் எழுதி வெச்சிருந்தாரு. எங்க தொலைநோக்கி எடுத்த தகவல்ல அந்தச் சுழி இருக்குதா இல்லையான்னு பார்க்கறதுதான் எங்க பொழைப்பு.

வேணும்னு தேடறவன் கண்ணுக்கு எல்லா இடத்துலயும் சுழி தெரியும். அதனால உப்பு வைக்கிற வழக்கம். உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். தங்கம் இல்லாத கல்லுல தங்கப் பொடியைத் தூவி, இங்க தங்கம் இருக்குதுன்னு ஏமாத்தறதுக்கு மைன்ஸ்காரங்க உப்பு போடறதுன்னு சொல்வாங்க. நாங்க எங்களையே சோதிச்சிக்க அதைப் பண்ணோம். ஒரே ஒரு ஆள், ஒரு காசைச் சுண்டிப் பார்ப்பான். பூ விழுந்தா ஒண்ணும் பண்ணமாட்டான். தலை விழுந்தா, தகவலுக்குள்ள ஒரு பொய்ச் சுழியை யாருக்கும் தெரியாம வெச்சிடுவான். வெச்சானா வெக்கலியான்னு எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, சார் பீரோவுல வெச்சிடணும். மத்தவங்க எல்லாரும் ஆராய்ச்சியை முடிச்சி, இனிமே ஒரு எழுத்தும் மாத்தமாட்டோம்னு கையெழுத்துப் போட்டப்பறம்தான் கவரை உடைப்பாங்க.

சுண்டினது நான். தலை விழுந்திச்சி.

என்னோட மொதல் தப்பு அங்கயே நடந்திச்சி. உப்பை எங்கயாவது ஓரமா, கொஞ்சமா வெச்சிருக்கலாம். நான் சார் கணக்குப் போட்ட அதே இடத்துல, அதே அளவுல, அச்சு பிசகாம வெச்சேன். சோதனைன்னா கறாரா இருக்கணும்னு எனக்கு நானே சொல்லிகினேன். பொய். அந்தச் சுழி இருந்தா எப்படி இருக்கும்னு எனக்கே ஒருதரம் பார்க்கணும்னு ஆசை. வெச்சி முடிச்சிட்டு ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துகினு உட்கார்ந்திருந்தேன்.

தகவலை அலசற வேலை ஜெசிந்தாவோடது. ஜெசின்னு கூப்பிடுவோம். டாக்டர் பட்டம் வாங்கினவ, மாரிகுப்பத்துல மைன்ஸ் கட்டின லைன் வீட்டுல வளர்ந்த பொண்ணு. அவங்கப்பா சுரங்கத்துல மரம் முட்டுக் குடுக்கிற வேலை பார்த்தவரு, மைன்ஸ் மூடினப்பறம் பெங்களூர்ல ஏதோ அபார்ட்மெண்ட்ல வாட்ச்மேனா இருந்தாரு, அப்பால கல்லு தூசி நெஞ்சைப் பிடிச்சிகிச்சி. நாலு அடி நடந்தா உட்காருவாரு. ஜெசிக்கு எங்க குழுவுல இருந்தது ஒப்பந்த வேலை, வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பாங்க.

நானும் அவளும் ஒரே ரயில். மாரிகுப்பத்துல வண்டி காலியா கிளம்பும். அவ ஏறி, எதிர் சீட்டுல பையை வெச்சி எனக்கு இடம் பிடிச்சிடுவா. நான் ஆண்டர்சன்பேட்டை ஆள், சாம்பியன் ஸ்டேஷன்ல ஏறுவேன். போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல, வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல. அவ வீட்டுப் புளிசோறு நான் திம்பேன், என் வீட்டு இட்லி அவ திம்பா. எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் பிள்ளைங்க இல்ல. அவ என்னை அங்கிள்னு கூப்பிட்டா, நான் அதை சும்மா கூப்பிடற பேரா எடுத்துக்கல.

எங்க பெட்டியில சீட்டாடற கும்பல் ஒண்ணு உண்டு, எல்லாம் நம்ம ஊரு ஆளுங்க. அதுல ஒருத்தர் ஒருநாள் கேட்டாரு, “இன்னாம்மா ஜெசி, அந்த இன்னொரு உலகத்துல நம்ம மைன்ஸ் மூடாம ஓடிகினு இருக்குமா?”

“இருக்கலாம்ண்ணா. ஆனா அங்க இருந்து சேதி வராது. பிணைஞ்சிருக்கும், அவ்ளோதான். ஒரு வார்த்தை கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அனுப்ப முடியாது.”

“அப்ப இன்னாத்துக்குத் தேடறீங்க?”

“அதைத்தான் எங்கப்பாவும் கேக்கறாரு”ன்னு சிரிச்சா.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்திச்சி. ரயில்ல ஆராய்ச்சியைப் பத்திப் பேசக்கூடாது. அவ மறந்து ஏதாவது ஆரம்பிச்சா, நான் பதில் சொல்லாம ஜன்னல் பக்கம் திரும்பிடுவேன். அவளும் புரிஞ்சிகினு நிறுத்திடுவா. வெளியே சாம்பல் கலர்ல சயனைடு மேடு, தங்கம் பிரிச்செடுத்த மண்ணைக் கொட்டின மலை, போய்கினே இருக்கும், நான் அதையே பார்த்துகினு இருப்பேன். இப்படி எத்தினியோ தரம் திரும்பியிருப்பேன்.

அந்த வருஷம் மழை முடிஞ்ச நேரத்துல ஜெசி முகமே மாறிச்சி. எனக்குத் தெரியும் ஏன்னு. கண்டுபிடிச்சிட்டா. அவ ஒண்ணும் சொல்லல, ஆனா ஒருத்தி காலையில அஞ்சு மணி வண்டியில பாட்டு முணுமுணுத்துகினு உட்கார்ந்திருந்தா வேற இன்னா அர்த்தம்? அது உப்பா இருக்கலாம்னு அவளுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். ஆனா அது நிஜமா இருக்கவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குதே. பாதி நம்பிக்கையை மனுஷன் முழுசாதான் வெச்சிக்கறான்.

அப்பதான் ஜெசிக்கு ஒரு காலேஜ்ல இருந்து கடிதம் வந்திச்சி. எங்க ஊரு பக்கத்துலயே, நிரந்தர விரிவுரையாளர் வேலை. வீட்டுல இருந்து பஸ்ல அரை மணி நேரம். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுல இருக்கலாம், அப்பாவைப் பார்த்துக்கலாம். அதுக்கும் மேல ஒண்ணு: நிரந்தர வேலைக்கு வயசு வரம்பு உண்டு, அவளுக்கு அது முடியற வருஷம். இதை விட்டா இனிமே விண்ணப்பமே போட முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். கவர் உடைக்கிற நாளோ அதுக்கப்பறம் பன்னெண்டு நாள் கழிச்சி.

புதன்கிழமை காலையில, வண்டி பங்காருப்பேட்டையில நின்னுகினு இருந்தப்ப கேட்டா.

“அங்கிள், நான் ஆராய்ச்சியைப் பத்திக் கேக்கல. என்னைப் பத்திக் கேக்கறேன். காலேஜுக்குப் போகட்டா, இருக்கட்டா?”

போன்னு சொன்னா, அது உப்புன்னு சொன்ன மாதிரி. இருன்னு சொன்னா பச்சை துரோகம். “உங்கப்பா இன்னா சொல்றாரு?”ன்னு கேட்டேன்.

“அப்பா போன்னு சொல்றாரு. அம்மாவும் அதான் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க.”

“அது உன் வீட்டு விஷயம்மா. இதுல நான் வாயைத் தொறக்கக்கூடாது”ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

அவ என் மூஞ்சியையே பார்த்துகினு இருந்தா. ஜன்னல் கண்ணாடியில தெரிஞ்சிது. கொஞ்ச நேரம் கழிச்சி லேசா சிரிச்சா. நல்லவேளை, பெரியவங்க பேச்சைக் கேட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டா போலன்னு நான் நினைச்சிகினேன். எனக்கு அவ்ளோ நிம்மதி. நாஷ்டா டப்பாவைத் தொறந்து அவளுக்கு ரெண்டு இட்லி எடுத்து வெச்சேன்.

இருந்தாலும் மனசு ஆறல. வெள்ளிக்கிழமை மத்தியானம் சார் ரூமுக்குப் போனேன். “சார், கவரை இன்னிக்கே உடைச்சிட்டா இன்னா?”

அவர் கண்ணாடியைக் கழட்டி வெச்சாரு. “தேதி எல்லாருக்கும் சொல்லியாச்சி. சரிபார்க்கிற வேலை இன்னும் ரெண்டு பாக்கி. காரணம் ஏதாவது இருக்குதா?”

இருக்குது சார்னு சொல்லியிருக்கணும். சொன்ன உடனே உள்ள உப்பு இருக்குதுன்னு அவருக்குப் புரிஞ்சிடும். நாலு வருஷ வேலை போயிடும். அந்தத் தாள்ல குறுக்கே கிழிச்ச கோடு ஒவ்வொண்ணும் என் கண்ணு முன்னாடி வந்திச்சி. புருவத்தைக் கூட அசைக்காம நின்னேன்.

“காரணம் ஒண்ணும் இல்ல சார்.”

“அப்ப இருக்கட்டும்”ன்னாரு.

வெளியே வந்தா ஜெசி வராண்டாவுல நின்னுகினு இருந்தா. “அனுப்பிட்டேன் அங்கிள்”ன்னா. நான் சந்தோஷமா தலையை ஆட்டினேன். “வேணாம்னு எழுதிட்டேன்”ன்னா. சுவத்தைப் பிடிச்சிகினேன். இன்னா அங்கிள், பிபி மாத்திரை போடலியான்னு அவ தண்ணி எடுத்தாந்து குடுத்தா. அதையும் வாங்கிக் குடிச்சேன்.

அப்பால பன்னெண்டு நாள். அந்த வேலையை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கன்னு நாலாவது நாளே சேதி வந்திடிச்சி. அதுக்கப்பறம் சொல்லி ஒண்ணும் ஆகப்போறதில்ல. அவ தினமும் எனக்கு இடம் பிடிச்சி வெச்சா. நான் தினமும் அவ எதிர்ல உட்கார்ந்து புளிசோறு தின்னேன். திங்கலன்னா ஏன்னு கேப்பா.

கவர் உடைக்கிற அன்னிக்கு ரூம் நிறைய ஆளுங்க. வெளிநாட்டுல இருந்தும் பலபேர் திரையில உட்கார்ந்திருந்தாங்க. ஜெசி தன்னோட படத்தைப் போட்டா. சார் எழுதின இடத்துல, எழுதின அளவுல, சுழி. சார் பீரோவைத் தொறந்து, கவரைக் கிழிச்சி, படிச்சி, என்னைப் பார்த்தாரு. நான் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து, வெச்சதைக் கழிச்சேன். சுழி போயிடிச்சி. பின்னாடி ஒண்ணும் இல்ல. வெறும் இரைச்சல். சார் வாழ்நாள் பூரா தேடினது அங்க இல்ல, எங்கயும் இல்ல.

அப்ப யாரோ கை தட்டினாங்க. உப்பை இவ்ளோ சரியா கண்டுபிடிச்சிட்டீங்களே, உங்க முறை எவ்ளோ நம்பகமானதுன்னு பாராட்டு. ஒருத்தர் தட்ட எல்லாரும் தட்டினாங்க. சாரும் தட்டினாரு, கண்ணுல தண்ணி நின்னுகினு இருந்திச்சி. ஜெசியும் தட்டினா. என்னைப் பார்த்துகினே தட்டினா.

சாயங்கால வண்டியில பையை எடுத்துட்டு எனக்கு இடம் விட்டா. ஒயிட்ஃபீல்டு தாண்டினப்பறம் மெதுவா ஆரம்பிச்சா.

“நான் கேட்ட அந்தப் புதன்கிழமையே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்மா.”

“நான் இன்னா நினைச்சேன் தெரியுமா? அது பொய்யா இருந்தா, நம்ம அங்கிள் என்னை அந்தக் காலேஜ் வேலையை விட விடமாட்டாரு. எப்படியாவது சொல்லிடுவாரு, ஒரு சின்ன சாடையாவது காட்டுவாரு. நீங்க ஒண்ணும் சொல்லல. அதனால அது நிஜம்னு முடிவு பண்ணேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க ஜன்னல் பக்கம் திரும்பினீங்க பாருங்க, அப்பதான் முடிவு பண்ணேன்”ன்னா.

அதுல கோவம் இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். இல்ல.

இப்ப நீங்க என்கிட்ட பாடம் கேப்பீங்க. நான் இன்னா சொல்றது? ஒருதரம் புருவத்தைத் தூக்கினேன், தப்பாச்சி. ஒருதரம் தூக்கல, அதைவிடப் பெரிய தப்பாச்சி. ஒண்ணு ஒண்டி சொல்வேன். உங்க கூட உட்கார்ந்து சோறு திங்கற ஆள் அந்தத் தகவலைத் தொடறாங்கன்னா, கவரை வாங்காதீங்க. வேற ஊரு ஆள், மூஞ்சி தெரியாத ஆள் யாராவது வாங்கட்டும். வாங்கிட்டீங்கன்னா, பேசாம இருந்துட்டா ஒண்ணும் சொல்லலன்னு நினைக்காதீங்க. உங்களை நம்பறவங்க உங்க பேசாமையிலயும் ஏதோ படிச்சிகினுதான் இருப்பாங்க. அந்தப் பொண்ணு என்கிட்ட தகவலைப் பத்திக் கேக்கல. தன்னைப் பத்திதான் கேட்டா. தெளிவா சொல்லிட்டுத்தான் கேட்டா. எனக்கு அந்த வித்தியாசம் தெரியல, இல்ல, தெரிஞ்சும் பயந்தேன்.

அடுத்த வருஷம் அந்த ஆராய்ச்சியை மூடினாங்க, ஜெசியோட ஒப்பந்தம் முடிஞ்சிது. பெங்களூர்லயே ஒரு ஆன்லைன் கடைக்காரங்க ஆபீஸ்ல கணக்கு அலசற வேலைக்குப் போனா. யாரு எந்தச் செருப்பை வாங்கிட்டுத் திருப்பி அனுப்பறாங்கன்னு பார்க்கணுமாம். நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே ரயில், அதே பெட்டி. பையை வெச்சி எனக்கு இடம் பிடிக்கிறதை அவ நிறுத்தல. ஊரு சங்கதி எல்லாம் பேசுவா, சர்ச் பாட்டுக் குழுவுல யார் யாரோட சண்டைன்னு சொல்லிச் சிரிப்பா. அதை ஒண்டி பேசமாட்டா.

ஒருநாள் சாயங்காலம் மாலூர் தாண்டி வந்துகினு இருந்தோம். மணி ஆறரை இருக்கும். அவளுக்கு போன் வந்திச்சி. எடுத்தா, கேட்டா, வெச்சா. “அப்பா போயிட்டாரு அங்கிள். அஞ்சு மணிக்காம். பக்கத்துல யாரும் இல்லையாம். அம்மா கடைக்குப் போயிருந்தாங்களாம்”ன்னா.

அந்தக் காலேஜுக்குப் போயிருந்தா, நாலு மணிக்கு வீட்டுல இருந்திருப்பா.

சீட்டாடினவங்க சீட்டைக் கீழ வெச்சிட்டாங்க. நான் அவ பக்கம் குனிஞ்சேன். இத்தினி நாளா சொல்லாததை எல்லாம் சொல்லிடணும்னு வாயைத் தொறந்தேன். “ஜெசி, நான் அன்னிக்கே...”

அவ ஜன்னல் பக்கம் திரும்பிகினா. நான் சாம்பியன்ல இறங்கற வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பல.